ஜெர்மனியில் நான் ஏலம் கேட்ட பூசணிக்காய்

நான் ஜெர்மனிக்குப் போனது கோட்டையும் அரண்மனையும் பார்க்க இல்லை. காசு கொடுக்கப் போனேன். இதைச் சொன்னால் எங்கள் தெருவில் இன்னும் சிலர் சிரிக்கிறார்கள். வெள்ளைக்காரரிடம் வாங்கித்தானே நமக்குப் பழக்கம், நீ என்னத்தைக் கொடுக்கப் போனாய் என்கிறார்கள். சிரிக்கட்டும், முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரிக்கட்டும். எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி பெனிட்டா கம்ப்யூட்டரில் தட்டுகிறாள். நடுவில் அவள் எதையாவது திருத்தியிருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

எங்கள் ஊர் தரங்கம்பாடிக்குப் பக்கம். லுத்தரன் சபை. எங்கள் சபைப் பெண்களிடம் பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவோம். சேர்ந்த அரிசியை விற்ற காசு மாதர் சங்கத்துக்கு. வீடு நிறையப் பேர் சாப்பிட்டபோதும் ஒரு பிடி, இப்போது நான் ஒருத்தி சாப்பிடும்போதும் ஒரு பிடி. புயலில் அடுப்பு நனைந்த வாரத்தில்கூட என் பானை வெறும் பானையாகக் கோயிலுக்குப் போனதில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்க ஒரு விடுதி இருக்கிறது. அதற்குப் பல வருஷமாகக் காசு அனுப்புவது ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர்ச் சபை. அவர்கள் பெரிய பணக்காரர்கள் இல்லை. ஆராதனை முடிந்து போகும்போது டப்பாவில் சில்லறை போடுவார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் கேக் சுட்டு விற்பார்கள். வயசான பெண்கள் காலுறை பின்னி விற்பார்கள். அந்தச் சில்லறையில்தான் என் மகள் ஸ்டெல்லா விடுதியில் தங்கிப் படித்து டீச்சர் ஆனாள். ஸ்டெல்லாவின் மகள்தான் இந்த பெனிட்டா. ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில் பெரிய எலக்ட்ரானிக் கம்பெனியில் இன்ஜினியர். நான் கைநாட்டு, மகள் டீச்சர், பேத்தி இன்ஜினியர். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

போன வருஷம் அந்த ஜெர்மனிச் சபையிலிருந்து வந்த கடிதத்தை எங்கள் ஐயர் வாசித்தார். போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். விடுதிக்கு அனுப்புவது நிற்காது என்று எழுதியிருந்தார்கள். ஆனால் வியாழக்கிழமைதோறும் தங்கள் ஊரில் இல்லாதப்பட்டவர்களுக்குச் சாப்பாடு போடும் சமையலறையை வருகிற குளிர்காலத்தோடு மூட வேண்டி வரலாம், ஆளும் குறைந்துவிட்டது, காசும் குறைந்துவிட்டது, ஜெபித்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதியிருந்தார்கள்.

மாதர் சங்கத்தில் அற்புதம் என்று ஒருத்தி. வாய் கொஞ்சம் நீளம். அவள்தான் கேட்டாள். "ஏன்டி, நம்ம புள்ளைங்களுக்குச் சோறு போட்டவங்க அடுப்பு அணையுதுங்கிறாங்க. நாம கண்ண மூடி ஜெபம் பண்ணிட்டு எந்திரிச்சுப் போயிருவமா?"

யாரும் எழுந்திருக்கவில்லை. அந்த வருஷத்துப் பிடி அரிசி முழுக்க ஜெர்மனி அடுப்புக்கு என்று முடிவானது. நான் எப்படியும் பேத்தியைப் பார்க்கப் போகிறவள், அதனால் அரிசி விற்ற காசை ஒரு கைக்குட்டையில் முடிந்து என் கையில் கொடுத்தார்கள். ஐயர் அதன்மேல் கை வைத்து ஜெபித்தார். அற்புதம் மட்டும் வாசல்வரை பின்னால் வந்தாள். "குடுத்துட்டேன்னு வந்து சொல்லாத. வாங்கிக்கிட்டாங்கன்னு வந்து சொல்லு" என்றாள்.

எர்லாங்கனில் இறங்கியதும் பெனிட்டா அந்தக் காசுக்கு யூரோ கொடுத்தாள். அதே கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அந்த ஊரில் எல்லாரும் சைக்கிளில் போகிறார்கள். கோட்டுப் போட்டவர், வழுக்கை விழுந்தவர், பெரிய ஆபீசர், எல்லாரும். நம் ஊரில் இன்ஜினியர் சைக்கிளில் வேலைக்குப் போனால் வேலை போய்விட்டதா என்று கேட்பார்கள். பெனிட்டாவும் போகிறாள். தலைக்குச் சட்டி மாதிரி ஒன்றைக் கவிழ்த்துக்கொண்டு, "அம்மாச்சி, கதவ லாக் பண்ணிக்கோங்க, ஃப்ரிட்ஜ்ல சாம்பார் இருக்கு" என்று சொல்லிவிட்டு மிதித்துப் போய்விடுவாள். தெருமுனை ரொட்டிக் கடையில் பன் வாங்க எனக்கு ஒன்றிலிருந்து பத்துவரை ஜெர்மன் சொல்லிக்கொடுத்தாள். பத்துக்கு மேல் நமக்கு எதற்கு என்று நான் அங்கேயே நிறுத்திக்கொண்டேன். அது பிறகு எனக்கே வினையாக வந்தது.

கடையில் ஒரு மெஷின் இருக்கிறது. காலி பாட்டிலை அதன் வாயில் வைத்தால் விழுங்கிவிட்டுச் சீட்டு கொடுக்கிறது, சீட்டைக் கொடுத்தால் காசு. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அன்று சாயங்காலம் ஸ்டேஷனில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். நல்ல தொப்பி, நல்ல கோட்டு, சவரம் செய்த முகம். குப்பைத் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்து ஒரு பாட்டிலை எடுத்துப் பையில் போட்டார். யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பினார். நான் பார்த்துவிட்டேன். சட்டென்று ரயில் பலகையைப் படிப்பதுபோல நின்றேன். எனக்கு எந்தப் பலகையும் படிக்கத் தெரியாது என்று அவருக்குத் தெரியாதல்லவா.

"அவரு ஏன்டி பாட்டில் பொறுக்குறாரு?" என்று பெனிட்டாவைக் கேட்டேன்.

"பென்ஷன் பத்தாது அம்மாச்சி. வாடகை ஜாஸ்தி. நிறைய பேர் இப்படித்தான்."

இந்தத் தேசத்தில் இல்லாதப்பட்டவர்கள் எங்கே இருக்கப்போகிறார்கள் என்று மனசுக்குள் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அது அன்றைக்குப் போய்விட்டது. இடுப்பிலிருந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை பெனிட்டா லீவு போட்டாள். ரயிலேறி அந்தச் சின்ன ஊருக்குப் போனோம். கோயிலுக்குப் பின்னால் நீளமான அறை, அதில் பெஞ்சுகள், ஓரத்தில் சமையலறை. அங்கே ஹில்டா என்று ஒரு அம்மா. என் வயசுதான் இருக்கும், ஆனால் உயரம் என்னைப்போல ஒன்றரை மடங்கு. ஏப்ரன் கட்டி, கரண்டியோடு நின்றாள். அந்தச் சமையலறையை நடத்துவது அவள்தான். என்னைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டு இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விட மாட்டேன் என்கிறாள். எனக்குப் பாஷை தெரியாது, அவளுக்கும் தெரியாது, இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தோம்.

பருப்பில் சூப் வைத்திருந்தாள். நம் மைசூர்ப் பருப்பு மாதிரி, தோலோடு. அதன் மேல் காடியை, அதுதான் வினிகரை, ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். இது என்ன கூத்து என்று வாயில் வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. நாம் புளி விடுகிறோம், அவர்கள் காடி விடுகிறார்கள். ஒரு மிளகாய் மட்டும் கிள்ளிப் போட்டிருக்கலாம்.

வாசல் பக்கத்து மேசையில் ஒரு தகர டப்பா. அதன்மேல் ஒரு பழைய போட்டோ ஒட்டியிருந்தது. இரட்டைச் சடை, ரிப்பன், கையில் தட்டு, வரிசையாகப் பெண்பிள்ளைகள். எங்கள் விடுதி. இடது ஓரத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பது என் ஸ்டெல்லா. எத்தனை வருஷமாக இந்த ஊர்க்காரர்கள் என் மகள் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் காசு போட்டிருக்கிறார்கள். டப்பாவை எடுத்து ஹில்டாவிடம் காட்டி, போட்டோவில் விரலை வைத்து, பிறகு பெனிட்டாவை இழுத்து முன்னால் நிறுத்தினேன். "இவ அம்மா" என்றேன். ஹில்டாவுக்கு அது மொழிபெயர்க்காமலே புரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்து ஏப்ரனால் கண்ணைத் துடைத்தாள்.

இதுதான் நேரம் என்று முடிச்சை அவிழ்த்து நீட்டினேன். பெனிட்டா பிடி அரிசியை விளக்கிச் சொன்னாள். ஹில்டா முகம் மாறிவிட்டது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அவள் சொன்னதைப் பெனிட்டா தமிழில் சொன்னாள்: "இது எங்களால் முடியாது. உங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கத்தான் நாங்கள் இருக்கிறோம். நீங்கள் சாப்பிடாமல் எடுத்து வைத்த அரிசியை நான் எப்படிச் சூப் ஆக்குவேன்? தயவுசெய்து திரும்பக் கொண்டுபோங்கள்."

"சாப்பிடாம யாருடி எடுத்து வச்சா? நான் நல்லாத்தான் சாப்பிடுறேன்னு சொல்லு. என் உடம்பப் பாக்கச் சொல்லு" என்றேன்.

பெனிட்டா சொன்னாள். ஹில்டா சிரித்தாள், என்னைக் கட்டிக்கொண்டாள், காசை மட்டும் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகை, விளைச்சலுக்கு நன்றி சொல்லும் நாள், கட்டாயம் வர வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

திரும்பும் ரயிலில் முடிச்சை மறுபடி இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டேன். பெனிட்டா, "அம்மாச்சி, அவங்க உங்கள இன்சல்ட் பண்ணல. பாசத்துலதான் வேணாங்கிறாங்க" என்றாள்.

"பாசம் இருக்கட்டும். நாங்க என்ன, வாங்குறதுக்குன்னே பொறந்தவங்களா? அற்புதம் கேட்டா நான் என்ன சொல்ல?"

வெள்ளியும் சனியும் வீட்டில் அடைந்து கிடந்தேன். பெனிட்டா வீட்டுக் குக்கரில் அரிசி போடும்போதும் ஒரு பிடி எடுத்து ஒரு காபிக் கோப்பையில் போட்டேன். "இத யாரு வந்து கலெக்ட் பண்ணுவாங்க?" என்று கேட்டாள். கை கேட்கவில்லையடி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை இன்னொரு கூத்து. அந்த ஊர் ரயில் போகிற வழியில் ஒரு ஜங்ஷனில் இரண்டாகப் பிரிகிறது. முன்பாதி ஒரு ஊருக்கு, பின்பாதி வேறு ஊருக்கு. வியாழக்கிழமை சரியாக ஏறிய பெனிட்டா அன்றைக்குப் பேச்சு சுவாரசியத்தில் முன்பாதியில் ஏறிவிட்டாள். கம்பெனியில் என்னென்ன மெஷினோ செய்கிறாள், ரயிலில் கோட்டை விட்டாள். நாங்கள் வயல் நடுவே ஒரு குட்டி ஸ்டேஷனில் இறங்கி நின்றோம். அடுத்த ரயில் வருவதற்குள் ஆராதனை முடிந்துவிடும்.

ஸ்டேஷன் வாசலில் ஒருவர் காரைத் திறந்துகொண்டிருந்தார். என் சேலையைப் பார்த்துவிட்டு அவரே வந்தார். "அம்மா, தமிழோ? எங்க போக வேணும்?"

யாழ்ப்பாணத்துக்காரர். சிவபாலன் என்று பேர். அகதியாக வந்தவராம், இப்போது ரொட்டித் தொழிற்சாலையில் ராத்திரி வேலை. முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிற நேரம்.

"ரயில் பிரியுறது தெரியாம ஏறிப்போட்டியளோ? நானும் வந்த புதுசில இப்படித்தான், ஒரு டெர்மின், அதுதான் அப்பாயின்ட்மென்ட், அதுக்குப் போக வெளிக்கிட்டு வேற ஊரில போய் நிண்டனான். ஏறுங்கோ, நான் கொண்டு போய் விடுறன்."

"தூங்க வேணாமாப்பா?" என்றேன்.

"ஓம், தூங்கத்தான் வேணும். நித்திரை எங்க ஓடிப் போகுது. இந்தாங்கோ, பாண், இப்பதான் சுட்டது." ரொட்டியை அவர்கள் பாண் என்கிறார்கள். சூடு ஆறவில்லை. மடியில் வைத்துக்கொண்டேன், குளிருக்கு இதமாக இருந்தது. வழியெல்லாம் நான் கைக்குட்டைக் கதையைச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம் எண்டு சொன்னவவோ? சீ, அது பிழையெல்லோ" என்றார். ஆராதனைக்கு உள்ளேயும் வந்தார். "நான் சைவம் அம்மா. பின்னுக்கு இருக்கிறன்" என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

கோயிலுக்குள் பீடம் தெரியவில்லை, அத்தனை காய்கறி. முட்டைக்கோஸ், கேரட், ஆப்பிள், வெங்காயச் சரம், ஒரு பெரிய ரொட்டி. நடுவே வண்டிச்சக்கரம் மாதிரி ஒரு ஆரஞ்சுப் பூசணிக்காய். பார்த்ததும் எனக்கு நம் ஊர் அறுப்பின் பண்டிகைக்கே வந்தாற்போல் ஆகிவிட்டது. அங்கே பிரசங்கம் செய்த ஐயர் ஒரு பெண். நம் ஊரில் ஐயரம்மா என்றால் ஐயர் சம்சாரம். இங்கே அவளே ஐயர், அவள் புருஷன் முதல் பெஞ்சில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். எனக்குப் பிடித்திருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருளையெல்லாம் ஏலம் விடுவார்கள். ஒரு எலுமிச்சம்பழம் சட்டை விலைக்குப் போகும். எடுத்தவர் அதைத் திரும்பக் கோயிலுக்கே கொடுப்பார், மறுபடி ஏலம். வெளியூர் விருந்தாளி யாராவது வந்திருந்தால் முதல் பொருளை அவர்தான் கேட்டுத் தொடங்க வேண்டும். அதுவரை சபையில் ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது, அதுதான் மரியாதை.

கடைசிப் பாட்டு முடிந்தது. பெண் ஐயர் என் பேரைச் சொல்லி முன்னால் கூப்பிட்டாள். நான் போய்ப் பூசணிக்காய் பக்கத்தில் நின்றேன். சபை முழுக்க என்னையே பார்த்தது. ஒருத்தரும் பேசவில்லை. அடடா, இவர்களுக்கும் நம் வழக்கம்தான், முதல் கேள்விக்குக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பூசணிக்காயைத் தூக்கப் பார்த்தேன், முடியவில்லை, அதன் தலையில் கையை வைத்துக்கொண்டு எனக்குத் தெரிந்ததிலேயே பெரிய ஜெர்மன் எண்ணைச் சத்தமாகச் சொன்னேன். பத்து.

பெண் ஐயர் பெனிட்டாவைப் பார்த்தாள். பெனிட்டா தரையைப் பார்த்தாள். முன் பெஞ்சில் குழந்தை மட்டும் சிரித்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது, இங்கே ஏலமே கிடையாது, நல்வார்த்தை நாலு சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கையைப் பூசணியிலிருந்து எடுக்கலாமா வேண்டாமா என்று தெரியவில்லை.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். "பதினஞ்சு, அம்மா." அதையே ஜெர்மனிலும் சொன்னார் சிவபாலன். எழுந்து நின்று எல்லாருக்கும் விளக்கினார். பெனிட்டா பிறகு எனக்குச் சொன்னாள். "எங்கள் அம்மன் கோயிலிலும் இப்படித்தான், மாம்பழத்தை ஏலம் விடுவோம், காசு கோயிலுக்கு. இந்த அம்மா தன் ஊர் முறைப்படி உங்கள் பண்டிகையைத் தொடங்கி வைத்திருக்கிறா. இப்ப கேள்வி பதினைந்தில் நிற்கிறது" என்றாராம். பிறகு தமிழில் என்னிடம், "ஏலத்துக்கு ரெண்டு பேர் வேணும்தானே அம்மா, விடாமல் கேளுங்கோ" என்றார்.

பெண் ஐயர் சிரித்துவிட்டாள். அங்கியின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, காசு வியாழக்கிழமைச் சமையலறைக்கு என்று அறிவித்தாள். அதற்கப்புறம் நடந்ததை நம் ஊர்க்காரர்கள் பார்த்திருக்க வேண்டும். தொப்பியைக் கையில் வைத்திருந்த ஒரு விவசாயி இருபது என்றார். அது அவர் தோட்டத்துப் பூசணியாம். தன் காயைத் தானே கேட்கிறார். அவர் பெண்டாட்டி அவரை முழங்கையால் இடித்துவிட்டு, தானே அதற்கு மேல் கேட்டாள். எனக்குப் பத்துக்கு மேல் எண் தெரியாதே, ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்கினேன், பெனிட்டா சொன்னாள். அவளுக்கும் வெட்கம் போய், குரல் ஏறிவிட்டது. கடைசியில் முடிச்சை அவிழ்த்து, உள்ளே இருந்ததை முழுக்கப் பூசணிக்காய் மேல் வைத்தேன்.

பெண் ஐயர் மூன்று தரம் சொன்னாள். அவர்களுக்கும் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்தான். பாஷை தெரியாமலே எனக்கு அது விளங்கியது.

ஹில்டா எழுந்து நின்றாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். சிவபாலன் பின்னாலிருந்து ஏதோ சொன்னார், கோயிலே சிரித்தது. "ஏலத்தில எடுத்தவவின்ர காசை வேண்டாம் எண்டு சொல்ல ஏலாது, கோயில் எண்டாலும் வியாபாரம் வியாபாரம்தான்" என்றாராம். ஹில்டா நடந்து வந்தாள். என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு, ஏந்த ஏப்ரன் இல்லாததால் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள், நாம் திருவிருந்தில் அப்பம் வாங்குவோமே, அந்த மாதிரி. நான் அதில் வைத்தேன்.

பூசணிக்காயை எங்கள் முறைப்படி திரும்பக் கொடுத்தேன். மறுபடி ஏலம் போனது. அதை எடுத்தவர் அவரும் திரும்பக் கொடுத்தார். பிறகு முட்டைக்கோஸ், பிறகு வெங்காயச் சரம். நான் மடியில் வைத்துக் கொண்டுவந்த பாணைக்கூட விட்டுவைக்கவில்லை, சிவபாலன் கொடுத்ததை அவரே ஏலத்தில் எடுத்துப் போனார். இந்தக் குளிர்காலத்துக்கு அடுப்பு எரியும், அடுத்த வருஷமும் ஏலம் உண்டு என்று வாசலில் பெண் ஐயர் சொன்னாள்.

அன்றைக்கே போனில் அற்புதத்தின் முகம் வந்தது. பின்னால் சங்கத்துப் பெண்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"வாங்கிக்கிட்டாங்களா?"

"ரெண்டு கையேந்தி வாங்கிக்கிட்டாங்கடி."

ஏலம் நடந்த கதையை முழுக்கச் சொன்னேன். "பூசணிக்காய் எங்க?" என்றாள் அற்புதம்.

பூசணிக்காய் அடுத்த வியாழக்கிழமை சூப் ஆனது. ஹில்டா என்னைச் சமையலறைக்குள் விட்டாள். காபிக் கோப்பையில் சேர்ந்திருந்த பிடி அரிசியையும் அதில் போட்டேன், அவள் மூடியைத் திறந்து பிடித்தாள். இந்தத் தடவை மிளகாயும் உண்டு, கொஞ்சமாக.

பந்தி முடிகிற நேரம் நான் வாசல் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெரியவர், ஸ்டேஷனில் பார்த்தவர் இல்லை, வேறு ஒருவர், சூப் குடித்துவிட்டு வந்தார். கோட்டு தேய்ந்திருந்தது, பொத்தான் எல்லாம் சரியாகப் போட்டிருந்தார். கையில் ஒரு பெரிய துணிப்பை. அதற்குள் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. மேசைக்கு முன்னால் நின்று, பையைக் கீழே வைத்து, கோட்டுப் பைக்குள் துழாவி ஒரு காசை எடுத்தார். என் மகள் போட்டோ ஒட்டிய டப்பாவைப் பார்த்தார்.

என் கை தன்னால் நீண்டு டப்பாவின் வாயை மூடப் போனது. ஐயா, உங்களுக்கே வேணுமே என்று வாய்வரை வந்துவிட்டது.

ஹில்டா கரண்டியோடு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையை எடுத்துக்கொண்டேன். டப்பாவை அவருக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தேன். அவர் காசைப் போட்டார், எனக்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார். நானும் எழுந்து நின்று கும்பிட்டேன்.